பழைய டிராக்டர்: பெரிதாக மாற்றும் முன்

நம் வணிகர்களில் பலருக்குக் கடையோடு தோப்பும் நிலமும் உண்டு. 18 குதிரைத்திறன் சிறு டிராக்டர் போதாமல், 30, 35 குதிரைத்திறனில் பழைய வண்டி தேடுவோர் கவனிக்க வேண்டியவை சில.

முதலில், தேவைதானா? நெருக்கமான மரங்களுக்கிடையே உழச் சிறு வண்டியே உகந்தது. டிரெய்லர் இழுக்கவும், அகலமான ரோட்டவேட்டர் ஓட்டவும்தான் கூடுதல் திறன் வேண்டும்.

வண்டியைக் காலையில், இன்ஜின் சூடேறும் முன் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் செலவு காத்திருக்கிறது. கலப்பையைத் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். சட்டென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு உண்டு. பின்டயர், கிளட்ச் தேய்மானத்தை விலையில் கழியுங்கள்.

ஆர்.சி. புத்தகத்திலுள்ள இன்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். கடன் பதிவு ரத்தாகாமல் முழுப்பணம் தராதீர்கள். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி, 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் இது: விவசாயத்துக்கெனப் பதிவான வண்டியில் கடைச் சரக்கு ஏற்றி விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. ஒரு நடை லாரி வாடகையை மிச்சம் பிடிக்கப் போய், இழப்பீட்டுக்காகக் கடையையே அடகு வைக்கும் நிலை வரலாம். சரக்குக்குச் சரக்கு வண்டியே சரி.

2025 செப்டம்பர் 22 முதல் புதிய டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே பழைய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், புதியதன் விலையையும் விசாரித்துவிடுங்கள்.