12,000 பேரும் 11 பேரும்

“அவ்வளவு பேர் முன்னால் பேச உங்களுக்குப் பயமாக இல்லையா?”

வானொலியில் வேலை பார்த்துக்கொண்டே மேடைகளிலும் நெறியாளராக நிற்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் மனத்தில் இருப்பது காலாங்கில் உள்ள சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கம். ஏறக்குறைய 12,000 பேர் அமரக்கூடிய இடம். சென்னையிலிருந்து பாடகர்கள் வரும் இரவுகளில் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகத் திரளும் இடம்.

உண்மையைச் சொன்னால், அங்கே பயப்படுவதற்கு ஆளே தெரியாது. மேடை விளக்குகள் முகத்தில் அடிக்கும்போது முதல் மூன்று நான்கு வரிசைகள்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு அப்பால் இருட்டு, அங்கங்கே கைப்பேசி வெளிச்சம். கூட்டம் உங்களைப் பார்க்க வந்ததும் இல்லை. பாடகர் பெயரின் முதல் எழுத்தைச் சொன்னாலே விசில் பறக்கும். மீதிப் பெயரைச் சொல்லக்கூட விடமாட்டார்கள்.

அங்கே கவனிக்க வேண்டியது ஒலி. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் பயணம் செய்யும். 80 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரை என் குரல் அடையக் கிட்டத்தட்ட கால் வினாடி. அவர் சிரிப்பு என்னிடம் வர இன்னொரு கால் வினாடி. அரை வினாடிதானே என்று தோன்றும். மேடையில் நின்று பாருங்கள், அது ஒரு யுகம். யாரும் சிரிக்கவில்லையே என்று பதறி அடுத்த வரிக்குத் தாவினால், வந்துகொண்டிருக்கும் சிரிப்பின் மேலேயே பேசிவிடுவீர்கள். போதாததற்கு உங்கள் குரலே பின்சுவரில் மோதித் திரும்பி வந்து காதில் விழும். ஆகவே பெரிய அரங்கில் வாக்கியங்கள் குட்டையாக இருக்க வேண்டும், இடைவெளிகள் நீளமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

எஸ்பிளனேட் ரிசைட்டல் ஸ்டூடியோவில் 245 இருக்கைகள். என்னைக் கேட்டால் பேசுவதற்கு அதுதான் சுகமான அளவு. சிரிப்பு உடனே வந்துவிடும், இருமலும்தான்.

எனக்குப் பயம் வருவது சின்ன அறைகளில். ஊடகப் படிப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு: ஒலிவாங்கிக்கு முன்னால் ‘நேயர்கள்’ என்று நினைக்காதே, ஒரே ஒருவரை நினை. நல்ல பாடம்தான். ஆனால் வானொலியில் அந்த ஒருவர் என் கற்பனை. நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். சின்ன அறையில் அவர் நிஜமாகவே உட்கார்ந்திருப்பார். கொட்டாவி விடுவார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கவிதை நூல் வெளியீடு. 80 நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தொடங்கும் நேரத்தில் வந்திருந்தவர்கள் 11 பேர். அதில் நான்கு பேர் நூலாசிரியரின் குடும்பம். அவர் ஓய்வுபெற்ற தாதி. முதல் புத்தகம். பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம்மா, மழை வேற பெய்யுது” என்றார் ஏற்பாட்டாளர்.

நேரத்தோடு வந்தவர்களைக் காக்கவைத்து, வராதவர்களுக்கு மரியாதை செய்யும் இந்தப் பழக்கம் நம்மைவிட்டு எப்போது போகுமோ! இதைவிட மோசமான பழக்கம் ஒன்றும் உண்டு. மேடை ஏறியதும் “கூட்டம் குறைவாக இருந்தாலும்...” என்று ஆரம்பிப்பது. சினிமா நட்சத்திரம் என்றால் ஓடுகிறார்கள், தமிழ் நிகழ்ச்சி என்றால் வருவதில்லை என்று அது நீளும். திட்டு வாங்குவது யார்? மழையில் நனைந்து வந்து உட்கார்ந்திருப்பவர்கள்! அடுத்த முறை அவர்கள் ஏன் வரவேண்டும்?

அன்று ஏற்பாட்டாளரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். பதினைந்து நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டுவிட்டு மற்றவற்றைச் சுவரோரம் அடுக்கினோம். மேடையை விட்டு இறங்கினேன், ஒலிவாங்கியை அணைக்கச் சொன்னேன். 11 பேர் இருக்கும் அறையில் ஒலிபெருக்கி முழங்கினால், அறை இன்னும் காலியாகத்தான் தெரியும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நூல் அறிமுகவுரை என்றிருந்த ஐந்து உரைகள் இரண்டாயின. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு புத்தகத்தை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, பிடித்த ஒரு கவிதையை அவரவரே வாசிக்கச் சொன்னேன். டாக்சி ஓட்டுநர் ஒருவர் இரவு நேர வார்டு பற்றிய கவிதையை எடுத்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

“எங்கம்மா கடைசியா இருந்தது அந்த வார்டுலதான்.”

“எந்த வருஷம் ஐயா?” என்று கேட்டார் நூலாசிரியர்.

அதன்பிறகு இருபது நிமிடத்துக்கு நெறியாளருக்கு வேலையே இல்லை. அவர்கள் இருவரும் பேசினார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். கதவுப் பக்கம் அவர் அப்புறம் திரும்பவே இல்லை.

“இருபது பேர்தானே வருவாங்க, கட்டணத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க” என்று கேட்பவர்கள் உண்டு. குறைப்பேன். சொந்தச் சேமிப்பில் புத்தகம் போட்டவர்களிடம் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வராது. ஆனால் தலையை எண்ணிக் குறைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்வதில்லை. பெரிய அரங்கில் குறிப்பு எழுதித் தர ஒருவர், காதில் நேரம் சொல்ல ஒருவர், நான் தடுமாறினால் உடனே பாட்டை ஓடவிட ஒருவர் இருப்பார்கள். சின்ன அறைக்கு முழுப் புத்தகத்தையும் நானே படித்துவிட்டுப் போக வேண்டும்.

இடத்தைப் பதிவு செய்யும்போதே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று நினைக்கிறீர்களோ, அதில் பாதி நாற்காலிகளை மட்டும் போடுங்கள். மீதி சுவரோரம் இருக்கட்டும். ஆள் வர வர எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்; நானும் வந்து தூக்குகிறேன்.