சூடு கைமாறும் இடங்கள்

கிராபிக்ஸ் கார்டின் பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, ஃபேன்களோடு சேர்ந்த கனத்த ஹீட்சிங்க்கை மெல்ல அசைத்துத் தூக்கினால், காய்ந்துபோன சாம்பல் நிறப் பசைக்கு நடுவே சிப் தெரியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்ததும் கண்ணாடிபோல் பளபளக்கும். 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் அந்தச் சிப்பின் பரப்பு சுமார் 609 சதுர மில்லிமீட்டர். ஒரு தபால்தலை அளவுதான். முழு வேகத்தில் ஓடும்போது அந்தக் கார்டு 450 வாட் எடுக்கிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி எடுப்பதில் ஏறக்குறையப் பாதி. இஸ்திரிப் பெட்டிக்குச் சூட்டைப் பரப்ப உள்ளங்கையைவிடப் பெரிய அடித்தகடு இருக்கிறது. இங்கே சூட்டின் பெரும்பகுதி அந்தத் தபால்தலை வழியாகவே வெளியேறியாக வேண்டும்.

2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1080-க்கு 180 வாட் போதுமாக இருந்தது. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 575 வாட். சூடு ஏற ஏற ஃபேன்களின் இரைச்சலும் ஏறுகிறது. அதனால்தான் பிராசஸருக்கு ஏற்கெனவே தண்ணீர்ச் சுற்று வைத்திருப்பவர்கள் கிராபிக்ஸ் கார்டையும் அதில் சேர்க்க விரும்புகிறார்கள். பம்ப் தள்ளும் தண்ணீர், சிப்பின் மேல் அமரும் வாட்டர் பிளாக்கில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றிடம் கொடுத்துவிட்டு, தொட்டி வழியாகத் திரும்பி வருகிறது. பேருந்து இன்ஜினில் நடப்பதும் இதுதான்.

சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு ஈடில்லை. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 4,200 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். ஏறத்தாழ 3,500 மடங்கு வித்தியாசம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் சுற்றில், கார்டின் 450 வாட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வரும் தண்ணீர், உள்ளே போனதைவிட 1.6 டிகிரிதான் கூடுதலாக இருக்கும். ஆகவே தண்ணீர் முதலில் பிராசஸருக்குப் போவதா, கார்டுக்குப் போவதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ட்யூப் மடங்காமல் போகும் வழியே நல்ல வழி.

சுமப்பது எளிது, சூடு ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடங்களில்தான் சிக்கல். வாட்டர் பிளாக்கின் வேலைப்பாடெல்லாம் அதற்காகத்தான். அடித்தட்டு செம்பு, பெரும்பாலும் மேலே நிக்கல் முலாம். உட்புறத்தில், சிப்புக்கு நேர் மேலே, சீப்பின் பற்கள்போல மெல்லிய தகடுகளை நெருக்கமாகச் செதுக்கியிருப்பார்கள். சுவரை ஒட்டி ஓடும் தண்ணீர்தான் சூட்டைச் சட்டென்று வாங்கும். நடுவில் ஓடுவது அதிகம் வாங்காமலே கடந்துவிடும். வழியைக் குறுக்கினால் எல்லாத் தண்ணீருமே சுவர் ஓரத் தண்ணீர் ஆகிவிடும். 1981-ல் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் டக்கர்மேனும் ஃபேபியன் பீஸும் இதைச் செய்து காட்டினார்கள். சிலிக்கானிலேயே ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலமுள்ள கால்வாய்களை வெட்டித் தண்ணீர் விட்டார்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் 790 வாட் சூட்டை அது அள்ளிக்கொண்டு போனது. இன்றைய பிளாக்குகளின் கால்வாய்கள் அவ்வளவு குறுகலானவை அல்ல; அடிப்படை அதேதான்.

சிப்பிலிருந்து செம்புக்குச் சூடு மாறும் இடம் நம் கையில் இருக்கிறது. காற்றைவிடச் செம்பு சுமார் 15,000 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். எனவே இடையில் தலைமுடி அளவு காற்று நின்றாலும் பிளாக்கின் வேலை கெட்டுவிடும். தெர்மல் பேஸ்ட் அந்த இடைவெளியை நிரப்பத்தான். சிப்பைச் சுற்றியுள்ள மெமரிக்கும் மின்சுற்று உறுப்புகளுக்கும் மெத்தென்ற தெர்மல் பேட் வைக்க வேண்டும். ஓரிடத்தில் 1 மில்லிமீட்டர், இன்னோரிடத்தில் 1.5 என்று பிளாக்கோடு வரும் படம் சொல்லும். மெமரியின் மேல் தடித்த பேட் வைத்தால் பிளாக் சிப்பை விட்டு எழும்பி நிற்கும். மெல்லியதாக வைத்தால் மெமரி பிளாக்கைத் தொடாமல் வேகும். திருகுகளைக் கார் டயரின் நட்டுகளைப்போலக் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். பிராசஸருக்கு இருப்பதுபோல உலோக மூடி இந்தச் சிப்புக்குக் கிடையாது. ஒரு மூலையை மட்டும் அழுத்தினால் விரிசல் விடும். ஒரே பெயரில் வரும் கார்டுகளிலும் போர்டு அமைப்பு மாறும் என்பதால், நம் கார்டின் மாடலுக்கே உரிய பிளாக்கைத்தான் வாங்க வேண்டும்.

பழைய சுற்றில் பிளாக்கை மட்டும் செருகிவிட்டால் போதாது. பிராசஸரின் 150 வாட்டோடு கார்டின் 450 சேர்ந்தால் 600. மூன்று ஃபேன் கொண்ட 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்று இருந்தால், இன்னொன்றும் சேர்த்தால்தான் ஃபேன்கள் நிதானமாகச் சுற்றும். செம்பு பிளாக் உள்ள சுற்றில் அலுமினிய ரேடியேட்டர் கூடவே கூடாது. ஒரே நீரில் நிற்கும் இரண்டு உலோகங்களும் பேட்டரிபோல வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரோடு அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து சேர்ப்பதே முறை.

கடைசியில் பொறுமைக்கு ஒரு சோதனை. பவர் சப்ளையிலிருந்து பம்ப்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ பேப்பர் விரித்து, ஒரு நாள் ஓட விட வேண்டும். தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய நிரப்ப வேண்டும். பம்ப் காய்ந்து ஓடினால் கெட்டுவிடும். கேபினெட்டை லேசாகச் சாய்த்தால் பிளாக்கில் ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழ்கள் வரிசையாக வெளியே வரும். காகிதம் ஒரு துளிகூட நனையவில்லை என்றால் கணினியை இயக்கலாம்.

சிப்பின் சூடு முன்பைவிட 20 டிகிரி வரை குறைவது சாதாரணம். ஆனால் சித்திரை மாதத்து அறை 36 டிகிரியில் இருந்தால், தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. சூடு கடைசியாகக் கைமாறுவது அறைக் காற்றிடம்தான். விளையாட்டு ஓடும்போது ரேடியேட்டரின் பின்னால் கையை நீட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் படும் அந்த வெதுவெதுப்பான காற்று, சற்று முன்புவரை ஒரு தபால்தலைக்குள் அடைந்து கிடந்த சூடு.