காஞ்சித் தோழரின் கார்க் கணக்கு

"மின்சாரக் கார் வாங்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தோழர். கழகத்தின் நெடுநாளைய தொண்டர், பட்டு நெசவாளர். கேட்டது தமக்காக அல்ல. திருப்பெரும்புதூர்ப் பக்கம் மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனுக்காக. மகன் உறுதியாக இருக்கிறான். தாய்க்குப் பாதி மனம். தந்தைக்கு அச்சம்.

நெசவாளி வீட்டுக்குக் காரா என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். சிரிக்கட்டும்! பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டில்லை, கார் செய்கிறவன் வீட்டில் காரில்லை என்ற நிலை மாறவேண்டும் என்றுதானே நாம் கொடி பிடித்தோம்? ஆசை குற்றமல்ல. ஆனால் ஆசைக்கு முன்னே கணக்கைப் பார்த்துவிட வேண்டும். பாவு ஓட்டும் முன் இழை எண்ணாத நெசவாளி உண்டா?

விலையிலிருந்து தொடங்குவோம். டாட்டாவின் டியாகோ மின்சாரக் கார் 2022 செப்டம்பரில் ரூ.8.49 லட்சத்தில் வந்தது. அடுத்த ஆண்டு எம்.ஜி.யின் காமெட், 8 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக. நம் மாவட்டத்திலேயே உருவாகும் ஹூண்டாய் கிரெட்டா மின்சாரக் கார் 2025 சனவரியில் வந்தபோது தொடக்க விலையே ரூ.17.99 லட்சம்! அதை ஒதுக்கிவைப்போம். சிறிய காரையே எடுத்துக்கொண்டாலும், அதே அளவுள்ள பெட்ரோல் காரைக் காட்டிலும் ஏறத்தாழ 3 லட்சம் கூடுதல் என்று வைப்போம். இந்த 3 லட்சம் எப்போது திரும்பும்? கேள்வி அதுதான்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொள்வோம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு ஆறேகால் ரூபாய். மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் 7 கிலோமீட்டர் ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட, வீணாவதையும் சேர்த்து 150 யூனிட். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தில் முதல் சில யூனிட் இலவசம். அந்த இலவசத்தை விளக்கும் விசிறியும் முன்பே தின்றிருக்கும். காரின் 300 யூனிட்டும் மேற்படிகளில் போய் ஏறும். இரண்டு மாதக் கணக்கு 500ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். அப்படியும் கிலோமீட்டருக்குச் சுமார் ஒன்றேகால் ரூபாய்தான். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் மிச்சம்.

3 லட்சத்தை 5 ரூபாயால் வகுத்தால் 60,000 கிலோமீட்டர். அத்தனை தொலைவு ஓடிய பிறகுதான் முதல் காசு லாபம்! மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 5 ஆண்டு. ஞாயிறு தோறும் மாமியார் வீடு, மாதம் ஒரு கல்யாணம் என்று 300 கிலோமீட்டரே ஓட்டுகிறவருக்கு 16 ஆண்டும் சில மாதங்களும்! பாட்டரிக்குக் கம்பெனிகள் பொதுவாகத் தரும் உறுதியோ 8 ஆண்டு, அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர். அந்தக் காரின் விலையில் பெரும்பங்கு பாட்டரியின் விலை என்பதை மறந்துவிடக் கூடாது.

தோழரிடம் கேட்டோம்: "மகன் வேலைக்கு எப்படிப் போகிறான்?" "கம்பெனி பஸ் வருகிறதே!" என்றார். அப்படியானால் கார் எங்கே ஓடப்போகிறது? வாசலில் நிற்கும். நிற்கிற கார் பெட்ரோலையும் மிச்சம் செய்யாது, மின்சாரத்தையும் மிச்சம் செய்யாது. தவணை மட்டும் ஓடும்! 7 லட்சம் கடன், ஒன்பதரை வட்டி, ஏழாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 11,400 ரூபாய். கட்டி முடிக்கும்போது 9 லட்சத்து 60 ஆயிரம் போயிருக்கும்.

வாசல் என்றோம். அங்கேதான் அடுத்த சிக்கல். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். உள்ளே தறி. காரை நிறுத்தத் தெருதான். சிறு காரின் 24 யூனிட் பாட்டரியை வீட்டுப் பிளக்கில் நிரப்ப எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். இரவு முழுதும் வீட்டிலிருந்து தெருவுக்கு ஒயர் கிடப்பதா? மழை பெய்தால்? மாடு மிதித்தால்? நடந்துபோகிற குழந்தை தடுக்கினால்? முறையான தரை இணைப்பும், அதற்கென்று தனிக் கம்பியும், தேவையானால் மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு மனுவும் வேண்டும். மாநகரத்துப் பங்களாவில் இது ஒரு நாள் வேலை. நம் தெருவில் இதுவே பெரும்பாடு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவைக்கிறோம். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம், 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. அது தறிக்காகக் கிடைத்தது. "சும்மா கிடக்கிறதே" என்று அந்த இணைப்பில் காரை மாட்டினால், மாட்டியவர் மட்டுமல்ல, "பார்த்தீர்களா, நெசவாளிக்கு எதற்கு இலவசம்?" என்று பேசக் காத்திருப்பவர்களிடம் தெருவே மாட்டிக்கொள்ளும்.

சரி, சென்னை போய்வர முடியுமா? காஞ்சியிலிருந்து சென்னை 75 கிலோமீட்டர். போய்வர 150. 24 யூனிட் பாட்டரி, யூனிட்டுக்கு 7 என்றால் 168 கிலோமீட்டர். மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து சேரலாம்! கத்திரி வெயிலில் குளிர்சாதனம் போட்டு, பூவிருந்தவல்லி நெரிசலில் நின்று வந்தால், வழியில் எங்காவது மின்னேற்றியே தீரவேண்டும். பெங்களூர் நெடுஞ்சாலையில் அதற்கு நிலையங்கள் உண்டு. ஆனால் பொது நிலையங்களில் யூனிட்டுக்கு 20 ரூபாய் வரையும், சில இடங்களில் அதற்கு மேலும் கேட்கிறார்கள். வீட்டில் ஒன்றேகால் ரூபாயில் ஓடிய கிலோமீட்டர், அங்கே 3 ரூபாயாகிவிடும். விளம்பரத்தில் இந்த 3 ரூபாய் வராது.

அப்படியானால் யாருக்குத்தான் இந்தக் கார்? வாடகைக் கார் ஓட்டும் தொழிலாளிக்கு! பட்டு வாங்க வருகிறவர்களையும் கோயிலுக்கு வருகிறவர்களையும் ஏற்றி மாதம் 4,000 கிலோமீட்டர் ஓட்டுகிற தோழர், வீட்டிலேயே மின்னேற்ற இடமிருந்தால், ஒன்றேகால் ஆண்டில் அந்த 3 லட்சத்தை எடுத்துவிடுவார். பொது நிலையத்தையே நம்பினாலும் இரண்டாண்டு. அவருக்கும் ஒரு எச்சரிக்கை: அவர் ஓட்டும் வேகத்தில் 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் முடிந்துவிடும். தவணை அதற்குப் பின்னும் ஓடும். வாடகைக் காருக்குப் பாட்டரி உறுதி எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

டெல்லி என்ன செய்தது என்று கேட்பீர்கள். 2019 ஆகஸ்டில் மின்சார வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி.யை 12இலிருந்து 5 சதவிகிதமாக்கினார்கள். நல்லது. 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் காருக்கும் 28ஐ 18ஆகக் குறைத்தார்கள். வாங்குகிறவருக்கு அதுவும் நல்லதுதான். ஆனால் இரண்டு காருக்கும் இடையே இருந்த இடைவெளி மீண்டும் அகன்றது. 2024 மார்ச்சில் முடிந்த 'ஃபேம்' இரண்டாம் திட்டத்தில் சொந்தக் காருக்கு மானியம் இல்லை, வாடகைக் காருக்கு மட்டுமே. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்திலோ, காரே பட்டியலில் இல்லை! பெயரும் நம் நாவில் நுழையவில்லை, பயனும் நம் வாடகைக் கார் ஓட்டிக்கு வந்து சேரவில்லை. தமிழ்நாடு 2023 கொள்கையில் 2025 இறுதி வரை சாலை வரியை முழுவதும் நீக்கிக் கொடுத்தது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலையை 2025 ஆகஸ்ட் 4 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். வேலை நமக்கு வருகிறது. செய்த காரும் ஒரு நாள் நம் விலைக்கு வரட்டும்.

அதுவரை காரில்லாதவன் என்ன செய்வது? சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895இல். கூலிக்காரனும் குமாஸ்தாவும் ஏறிப் போனார்கள். 1953இல் அது நின்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் புறப்பட்டன. அந்தப் பேருந்து காஞ்சித் தெருக்களுக்கும் வேண்டும், ஒரகடம் சாலைக்கும் வேண்டும் என்று கேட்பதில் தவறென்ன? ஒரு பேருந்து மின்சாரத்துக்கு மாறினால் ஐம்பது வீட்டுக்குப் பயன். அதற்குத் தவணையும் இல்லை, தெருவில் ஒயரும் இல்லை.

இவ்வளவும் கேட்ட தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வேண்டாமென்று சொல்லிவிடட்டுமா?" என்றார்.

"சொல்லவேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். எங்கெங்கே போனான், எத்தனை கிலோமீட்டர் என்று மூன்று மாதம் எழுதட்டும். மாதம் 1,000 வந்தால், மின்னேற்ற இடம் பார்த்துவிட்டு வாங்கட்டும். 300 வந்தால் அந்த 11,400ஐ சேமிப்பில் போடட்டும். போகவேண்டிய நாளில் வாடகைக் கார் பிடிக்கட்டும். அந்த ஓட்டுநரும் நம் தோழராகத்தானே இருப்பார்!"

நாம் புறப்படும்போது, தோழர் தறியில் உட்கார்ந்துவிட்டார். மகன் கடைக்குப் போயிருந்தான், நோட்டு வாங்க.