அசுவினியைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்

விழுப்புரம் மாவட்டக் கெடார்ப் பக்கம் மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லையின் வரப்பில் காராமணி நின்றால், அதன் கொழுந்தை ஒருமுறை மடக்கிப் பாருங்கள். கறுப்பு எள்ளை அப்பி வைத்த மாதிரி அசுவினி மொய்த்திருக்கும். அதன் இனிப்புக் கழிவை நக்க எறும்பு ஏறி இறங்கும். பார்த்ததும் கை மருந்து டப்பாவைத் தேடும். கொஞ்சம் பொறுத்து இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் வேறொன்றும் தெரியலாம். மஞ்சளாகப் பத்துப் பதினைந்து முட்டைகள், நெல்மணியைவிடப் பொடியாக, நட்டு வைத்தது போல நிமிர்ந்து நிற்கும். அவை பொறிவண்டு இட்டவை.

இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். வெளியே வருவது வண்டு போலவே இருக்காது. கறுத்த நீள உடம்பு, ஆறு கால், ஆங்காங்கே ஆரஞ்சுத் திட்டு. குட்டி முதலை ஒன்று செடியில் ஏறியது போல. "புழு விழுந்துடுச்சு" என்று இதற்கே மருந்தடித்தவர்கள் நிறையப் பேர். எனக்கு மனசு பொறுக்காத இடம் இதுதான். பெரிய வண்டைப் போலவே இந்தக் குஞ்சும் அசுவினியைத் தின்றுதான் வளர்கிறது. கூட்டுப்புழு ஆவதற்குள் நூற்றுக்கணக்கில் தின்றுவிடும். பிறகு இலையிலேயே ஒட்டிக்கொண்டு சில நாள் அசையாமல் கிடக்கும். அதையும் ஏதோ நோய்ப்புள்ளி என்று கிள்ளி எறிந்துவிடுகிறோம். கூட்டை விட்டு வரும் வண்டு முதலில் புள்ளியே இல்லாமல் வெளிர்மஞ்சளாக இருக்கும். நேரம் போகப்போகத்தான் நிறம் ஏறும். நம் பக்கம் அதிகம் தென்படுவது, ஆரஞ்சு முதுகில் கறுப்புக் கோடு வளைந்து வளைந்து ஓடும் வகை.

ஒரு எச்சரிக்கை. கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளி வண்டும் இதே குடும்பம்தான். முதுகில் 28 புள்ளி இருக்கும், பளபளப்பு இருக்காது, பொடி மயிர் மூடி மங்கலாகத் தெரியும். அதன் குஞ்சு மஞ்சள், உடம்பெல்லாம் முள். அதைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டியதுதான். பளபளப்பவனை விடுங்கள், மங்கலானவனைப் பிடியுங்கள்.

இத்தனை பெரிய வெளியில் பொடிப்பூச்சி இருக்கும் செடியை வண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாசனையும் வழிகாட்டுகிறது. சாறு உறிஞ்சப்படும் செடிகள் பல, மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளை ஆவியாக விடுகின்றன. மூட்டு வலிக்கு நாம் தேய்க்கும் தைலத்தின் அந்தக் காரமான வாசம் இதே பொருளுடையது. ஊட்டிக் கடைகளில் குப்பியில் விற்கும் விண்டர்கிரீன் எண்ணெயும் பெரும்பாலும் இதுதான். செடி தன் வலியைத் தைல வாசமாகச் சொல்ல, ஏழு புள்ளிப் பொறிவண்டு அதை முகர்ந்து வருவதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். படித்த நாளிலிருந்து எனக்குத் தைலக் குப்பியைத் திறந்தால் காராமணிக் கொழுந்துதான் ஞாபகம் வருகிறது.

நீலகிரிக்கு இந்த வண்டுக் குடும்பத்தோடு இன்னொரு உறவும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து பரவிய பஞ்சுச் செதில்பூச்சி 1880-களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளை நாசமாக்கியது. 1888-இல் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபலே ஆஸ்திரேலியா போய், அந்தப் பூச்சியைத் தின்னும் ரொடோலியா என்ற சிவப்புப் பொறிவண்டைக் கப்பலில் அனுப்பிவைத்தார். நூற்றுச் சொச்சம் வண்டுகளில் தொடங்கியது, தோப்புகளையே மீட்டது. அதே பூச்சி 1920-களின் இறுதியில் நீலகிரியின் வாட்டில் மரங்களில் தென்பட்டபோது, அதே வண்டை இங்கும் வரவழைத்து விட்டார்கள். இங்கும் அது நிலைத்துவிட்டது.

நமக்குக் கப்பலெல்லாம் வேண்டாம், வண்டு ஊரிலேயே இருக்கிறது. அதற்குச் சோறு மட்டும் வேண்டும். காராமணியில் ஒரு சிக்கல் உண்டு: அதன் அசுவினியும் மல்லாட்டையின் அசுவினியும் ஒன்றுதான், இறக்கை முளைத்துப் பயிருக்கும் வரும். அதனால் வரப்பில் மக்காச்சோளமும் சேர்த்து ஊன்றுவது நல்லது. சோளத்தின் அசுவினி புல் இனத்தோடு நின்றுவிடும், மல்லாட்டைக்கு இறங்காது. அதைத் தின்று பெருகும் வண்டு மட்டும் இறங்கும். சோளத்தின் மகரந்தமும் வண்டுக்கு உணவு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரை டி.எம்.வி. என்று ரகத்தின் பெயரிலேயே சுமக்கும் மல்லாட்டை விளையும் மண்ணில், வரப்புக்கு நாலு சோளம் பெரிய செலவில்லை.

வீட்டுத் தோட்டமானால் வண்டுக்காகக் கொத்தமல்லியில் ஒரு பாத்தியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். அவரைப் பந்தலில் அசுவினி தாங்க முடியாமல் போனால் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்க்கலாம், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். கடும் விஷம் அசுவினியோடு வண்டையும் கொன்றுவிடும். பிறகு அசுவினிதான் முந்திக்கொண்டு திரும்பும். ஆண் துணையில்லாமலே பெண் குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த குட்டி உருவாகத் தொடங்கியிருக்கும். அந்த வேகத்துக்கு வண்டு ஈடுகொடுக்க முடியாது.

மஞ்சள் முட்டை கண்ணில் பட்ட கொழுந்தில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். பத்து நாள் கழித்து அதே கொழுந்தை மடக்கிப் பார்த்தால், கறுப்பு குறைந்து, அசுவினி உரித்துவிட்ட தோல்கள் வெள்ளையாக ஒட்டிக்கிடக்கும்.