வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது?

கார், ஜீப்பு, சிறு சுமை வண்டி முதலியவை இன்று நம் கிராமங்களுக்கு அரிய பொருள்கள் அல்ல. நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கவும், தக்காளிக் கூடைகளைச் சந்தைக்கு அனுப்பவும், பஞ்சாயத்து அலுவல்களுக்குச் சென்று வரவும் அவற்றையே நாம் நம்பியிருக்கிறோம். ஆயினும், ஏறியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும்படி சில வண்டிகள் குலுங்குகின்றன. “நம் ஊர்ச் சாலை அப்படி” என்று சொல்லி நாம் வாளாவிருந்து விடுகிறோம். சாலையிலும் குறை இருக்கலாம். ஆனால், அதே சாலையில் அதே மாதிரியான மற்றொரு வண்டி அமைதியாகச் செல்லுமானால், குறை நம் வண்டியில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இது சுகத்தை மட்டும் பொறுத்த விஷயமன்று. சக்கரம் தரையை விட்டுத் துள்ளும்போது பிரேக்குக்குப் பிடிப்பில்லை, ஸ்டீயரிங்குக்கும் பிடிப்பில்லை. அந்த நேரத்தில் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதிர்ச்சியைத் தாங்கும் மூன்று உறுப்புகள்

முதலாவது டயரில் உள்ள காற்று. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகவே காற்றடைத்த டயரைச் செய்து, 1888-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாவது ஸ்பிரிங். கட்டை வண்டிக்கும் வில் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மூன்றாவது ஷாக் அப்சார்பர். அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இராதபடி, உள்ளிருக்கும் எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே செலுத்தி ஆட்டத்தை அடக்குவது இதன் வேலை.

குலுக்கலின் வகையை அறிதல்

சிறு கல்லின் மீது ஏறினாலும் ‘தட்’டென்று இடித்தால், டயரில் காற்று மிகுந்திருக்கலாம், பட்டை ஸ்பிரிங்கின் தகடுகள் துருவேறி ஒன்றோடொன்று இறுகியிருக்கலாம், அல்லது சுமைக்காகக் கூடுதல் தகடு சேர்த்திருக்கலாம். சுமையோடு நன்றாகச் செல்லும் அந்த வண்டி, வெறுமையாகத் திரும்பும்போது தூக்கிப் போடும்.

மேட்டைக் கடந்த பின்னும் வண்டி படகைப் போல் ஆடினால் ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டது எனலாம். நிற்கும் காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். எழுந்தவுடன் அடங்கினால் நன்று. இரண்டு மூன்று முறை ஆடினால் பழுது. அதன் மேற்புறத்தில் எண்ணெய் வழிந்திருப்பதும் தெளிவான அடையாளம்.

மட்டமான தார்ச் சாலையில், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் தோன்றினால், சக்கரத்தின் எடைச் சமநிலை தவறியிருக்கலாம்; டயர் புடைத்தோ, ரிம் வளைந்தோ இருக்கலாம். பள்ளத்தில் ‘கடக்’ என்ற ஒலி எழுந்தால், ரப்பர் புஷ்கள் தேய்ந்திருக்கலாம்; யு போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், ஸ்பிரிங் தகடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செய்ய வேண்டுவன

செலவில்லாத சோதனையையே முதலில் செய்ய வேண்டும். பயணத்துக்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும். எத்தனை பவுண்டு வேண்டும் என்பது ஓட்டுநர் கதவருகே ஒட்டிய சீட்டில் இருக்கும். சிறு கார்கள் பலவற்றுக்கு அது 30 முதல் 35 வரை. குலுக்கலுக்கு அஞ்சிக் காற்றைக் குறைத்து ஓட்டுவதும் தவறு. டயர் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். ‘2319’ என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் தேயாவிட்டாலும், வயதான ரப்பர் கெட்டிப்படும்.

அடுத்து, ஸ்பிரிங் தகடுகளிடையே சேர்ந்த மண்ணைக் கழுவித் துருவை அகற்ற வேண்டும். ஷாக் அப்சார்பரை மாற்றினால் ஓர் அச்சின் இரு பக்கங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய ரப்பர் புஷ் பொருத்தும்போது, சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகே போல்ட்டை இறுதியாக முடுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முடுக்கினால் புஷ் முறுகி விரைவில் கிழிந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் புகலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே புக வேண்டும்.

பொதுப் பணிக்கென வண்டி வைத்திருக்கும் பஞ்சாயத்துகள், டயர்க் காற்றை அளந்த நாளையும், கண்ட குறைகளையும், மாற்றிய உறுப்புகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது நலம். சாலையைச் செப்பனிடுமாறு கேட்பது நமது உரிமை. வண்டியைச் செம்மையாக வைத்திருப்பது நமது கடமை. பிரசவ வேதனையில் ஒரு தாய் அவ்வண்டியில் ஏறும் இரவில், முன்பே பார்த்து வைத்த சிறு பழுதின் அருமை நமக்குப் புலனாகும்.