பிங்க் தொப்பியும் முதல் வேட்டையும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 12 வயது ஆகிவிட்டால் ஆன்டிலோப் வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கலாம். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போன அக்டோபரில் தம் மகளை முதன்முதலாகக் கூட்டிப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். சின்னப் பெண் கையில் துப்பாக்கியா என்ற உறுத்தல் எனக்கு இருந்தது. இன்னும் முழுக்கப் போகவில்லை.

ஆன்டிலோப் என்று அவர்கள் சொல்வது பிராங்ஹார்னை. நம் வெளிமானைப் போலத் தெரிந்தாலும், இன்றிருக்கும் விலங்குகளில் அதற்கு நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கியும் ஒகாப்பியும்தான். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஆனால் வேலியைத் தாண்டிக் குதிப்பது அரிது. பெரும்பாலும் கீழே நுழைந்துதான் போகும். நூறு வருஷத்துக்கு முன் கண்டபடி சுட்டுத் தள்ளியதில் அழியும் நிலைக்குப் போய், கட்டுப்பாடுகள் வந்த பிறகே பிழைத்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவீத வரி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை அந்தப் பெண் கோடையிலேயே முடித்திருந்தாள். அப்பா வாங்கித் தந்தது .243 ரக ரைஃபிள். தோளில் அதிகம் உதைக்காது. ஒருமுறை பலமாக உதை வாங்கிய பிள்ளை, அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டுதான் சுடும் என்றார். சட்டப்படி ஒளிரும் ஆரஞ்சோ பிங்க்கோ அணிய வேண்டும். அவள் பிங்க் தொப்பி போட்டிருந்தாள்.

குட்டைப் புதர்வெளியில் மறைய இடமே இல்லை. பிராங்ஹார்னுக்கோ கண் படுகூர்மை. மேட்டின் மேல் வயிற்றால் ஊர்ந்து போனோம். சப்பாத்திக் கள்ளி முழங்கையைப் பதம் பார்த்தது.

"சுடட்டுமாப்பா?"

"பின்னாடி இன்னொண்ணு நிக்குது பாரு. வேண்டாம்."

அடுத்தது மேட்டு விளிம்பில் நின்றது. குண்டு தவறினால் அந்தப் பக்கம் எங்கே போய் விழும் என்று தெரியாது. அதுவும் வேண்டாம். மூன்றாவது நல்ல தூரத்தில், பக்கவாட்டில் நின்றது. அப்பா தலையாட்டினார். அவள் வெகுநேரம் ஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "கை நடுங்குது, வேண்டாம்" என்றாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டாவைக் கழற்றிவிட்டு சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்தார். அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான். பிள்ளையைவிட அவசரப்படும் அப்பாக்களை கிரிக்கெட் மைதானத்திலேயே நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் ஒரு கிடா வந்தது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஒரே குண்டு. ஓடிப் போய் விழுந்தது. அவள் துள்ளவில்லை, அழவுமில்லை. லைசென்ஸோடு வந்த சீட்டில் தேதி குறித்துக் கையெழுத்துப் போட்டாள்.

வேலையே அதற்குப் பிறகுதான். பிராங்ஹார்னின் மயிர் உள்ளே பொள்ளலானது. சூட்டை வெளியே விடாது. உடனே குடலை எடுத்து, தோலை உரித்து, ஐஸில் வைக்காவிட்டால் கறி நாறிவிடும். செத்ததை வண்டியில் போட்டு வெயிலில் நாள்முழுக்கச் சுற்றிவிட்டு, இந்தக் கறியே மோசம் என்று சொல்கிறவர்கள் உண்டு. தின்னக்கூடிய கறியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றமும்கூட. அவள் காலைப் பிடித்துக்கொண்டாள், அப்பா அறுத்தார். பிறகு கத்தி அவள் கைக்கு மாறியது.

எங்கள் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வந்தது. மிளகைத் தூக்கலாகப் போட்டு வறுத்தோம். கொழுப்பே கிடையாது. எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். அடுப்பில் அதிக நேரம் வைத்தால் வறண்டுவிடும்.