தாடிக்கார ஜாடி

நம் பாட்டிமார் ஊறுகாய் போட்டு வைத்த பீங்கான் ஜாடி நினைவிருக்கிறதா? அதற்குத் தூரத்து உறவு ஒன்று, மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமேண்டில் நகரத்துக் கப்பல் சிதைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பருத்த வயிறு, குறுகிய கழுத்து, ஒற்றைக் கைப்பிடி. கழுத்தில் தாடி வைத்த ஒரு முகம், வயிற்றில் வட்ட முத்திரை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'வெர்குல்டே டிராக்' கப்பலில் வந்தவை இந்த ஜாடிகள். பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைத் துணிகளை வாங்கிய அதே கம்பெனிதான். பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) வெள்ளிக் காசுப் பெட்டிகளோடு போன கப்பல், 1656 ஏப்ரல் 28 அன்று பவளப்பாறையில் மோதி உடைந்தது. 193 பேரில் கரையேறியவர்கள் 75 பேர். ஏழு பேர் சிறு படகிலேயே பத்தாவியா போய்ச் சேர்ந்து சேதி சொன்னார்கள். தேடப்போன கப்பல்கள் வெறுங்கையோடு திரும்பின. மீதி 68 பேரின் கதி, பாவம், இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் ஜாடிகள் கிடைத்தன! காரணம் உப்பு. ஜெர்மனியில் ரைன் நதிப் பக்கத்துக் குயவர்கள் சக்கரத்தில் ஜாடியை வனைந்து, அச்சில் எடுத்த முகத்தை ஒட்டி, சூளையில் வைப்பார்கள். சூடு 1,200 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே உப்பை வீசுவார்கள். உப்பு ஆவியாகி, களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடி போலப் படியும். தொட்டால் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும். மண்ணும் கல்லாய் இறுகிவிடுவதால் எண்ணெய், சாராயம் எதுவும் கசியாது. உப்பில் பிறந்ததை உப்புத் தண்ணீர் என்ன செய்யும்?

அந்த முகம் கார்டினல் பெல்லார்மினுடையது, புராட்டஸ்டண்டுகள் கேலிக்குச் செய்தது என்று ஒரு கதை உண்டு. நம்புவதற்கில்லை. அவர் பெயர் வெளியே தெரியுமுன்பே ஜாடிகளில் தாடிக்காரர் வந்துவிட்டார். இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை: சூனியத்துக்குப் பயந்து இதே ஜாடியில் சிறுநீரும் குண்டூசியும் அடைத்து வீட்டுக்குள் புதைத்தார்களாம்.

கப்பலைக் கண்டுபிடித்தது 1963இல். வெள்ளிக் காசுக்கு ஆசைப்பட்டவர்கள் கடலடியில் வெடி வைத்தார்கள். முந்நூறு வருஷம் கடல் விட்டுவைத்ததை மனிதன் நொறுக்கினான். அதைப் பார்த்த பிறகுதான் 1964இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு பழைய கப்பல் சிதைவுகளுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. வெடிக்குத் தப்பிய ஜாடிகளைத்தான் இன்று அருங்காட்சியகத்தில் பார்க்கிறோம்.